ரவிக்கைக்குள் முளைப்பாரி

எங்கள் வீட்டில் பச்சைப்பயறு பாயசம் வைக்கும் நாளில் சித்தி தவறாமல் ஒரு வசனம் பேசுவாள். "எல்லாத்தையும் கொட்டிடாதீங்க, அக்காவுக்குக் கொஞ்சம் எடுத்து வையுங்க." உடனே அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். புதிதாக வந்த மருமகன்களும் விருந்தாளிகளும் அம்மாவுக்குப் பயறு அவ்வளவு பிடிக்கும் போலிருக்கிறது என்று எண்ணி, பாயசத்தை அவர் பக்கம் நகர்த்தி வைப்பார்கள். நாங்கள் யாரும் அவர்களைத் திருத்துவதில்லை. நான் தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது நடந்த கதை அது. சொல்லத் தொடங்கினால் பாயசம் ஆறிப்போகும்.

அப்போது நாங்கள் கோலசிலாங்கூர் போகும் பாதையில், பத்தாங் பெர்ஜுந்தையைத் தாண்டி ஒரு தாமானில், வரிசை வீட்டுக் குடியிருப்பில், இருந்தோம். தோட்டத்தில் தொழிலாளர் குடியிருந்த லயங்களை இடித்த பிறகு அங்கிருந்தவர்கள் முக்கால்வாசிப் பேர் அந்தத் தாமானுக்குத்தான் குடிவந்தார்கள். மாரியம்மன் மட்டும் குடிபெயரவில்லை. எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனை மரங்களுக்கு நடுவில், பழைய இடத்திலேயே இருந்தாள். அப்பா செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டினார். அம்மா வாய் ஓயாதவர். அடுத்த வீட்டுச் சுவரோடு பேசிக்கொண்டே குழம்பு வைப்பார், பேச்சு சுவாரசியத்தில் உப்பை இரண்டு முறை போடுவார். அப்படிப்பட்டவர் அந்த வருடம் தைப்பூசம் முடிந்த கையோடு வாயைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குள் போய் உட்கார்ந்துவிட்டார்.

டைபாய்டு என்று சொன்னார்கள். எனக்கும் அதைத்தான் சொன்னார்கள், தாமானுக்கும் அதைத்தான் சொன்னார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் தங்கினார், டைபாய்டு. முடி கொட்டிற்று, டைபாய்டு. சோற்றைப் பார்த்தாலே குமட்டிக்கொண்டு வந்தது, அதுவும் டைபாய்டு. மாதக்கணக்கில் நீண்ட அந்த டைபாய்டைத் தாமான் மக்கள் நம்பினார்களா, நம்பியதுபோல் நடித்தார்களா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கஞ்சி மட்டும் வந்துகொண்டே இருந்தது. ஒரு வீடு மிச்சமில்லாமல் கஞ்சி அனுப்பினார்கள். அம்மாவுக்குக் கஞ்சியே ஆகாது. அவ்வளவையும் நானும் அப்பாவும் குடித்தோம்.

அம்மாவுக்கு வந்தது மார்பகப் புற்றுநோய். இடது மார்பை எடுத்துவிட்டார்கள், அக்குளிலும் கொஞ்சம் வெட்டியிருந்தார்கள். இதை அறிந்தவர்கள் அப்பாவும் சித்தியும் மட்டுந்தான். வெளியில் தெரிந்தால் என்ன ஆகிவிடும் என்று அப்பா ஒருமுறை கேட்டாராம். "எல்லாரும் என் மூஞ்சியப் பாக்க மாட்டாங்க, கீழதான் பாப்பாங்க" என்று அம்மா சொன்னாராம். அதற்குப் பிறகு அப்பா கேட்கவில்லை. நோயைவிட அந்தப் பார்வைக்குத்தான் அம்மா அதிகம் பயந்தார்.

சித்தி அம்மாவின் தங்கை. செரண்டாவில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். ஷிப்ட் முடிந்து வந்த நேரத்தில் ரவிக்கை தைப்பாள். அவளைப்போல ஒரு தையற்காரியை நான் இன்னும் பார்க்கவில்லை. மனிதர்களை முகத்தை வைத்து நினைவில் கொள்ளமாட்டாள், அளவை வைத்துத்தான். "யாருடி அது, இடது தோள் கொஞ்சம் இறக்கமா இருக்குமே, அந்தப் பொண்ணா?" என்பாள். ஆபரேஷனுக்குப் பிறகு உள்ளே வைத்துக்கொள்ள அம்மாவுக்கு ஒரு பஞ்சுத் திண்டு கிடைத்திருந்தது. அதற்குக் கனமே இல்லை. அம்மா குனிந்து நிமிர்ந்தால் அது மேலே ஏறிக் கழுத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிடும். நல்லதாக ஒன்று பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று ஆஸ்பத்திரி மிஸ்ஸி, நர்ஸை அப்படித்தான் கூப்பிடுவோம், சொல்லியிருந்தார். 'பிறகு' என்ற சொல் சித்திக்கு ஆகாது. அந்தத் திண்டை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்து, "ஊருக்கெல்லாம் ஒரே அளவா? ஒடம்புக்கு ஒடம்பு அளவு வேற லா!" என்று சொல்லிவிட்டுக் கத்தரிக்கோலை எடுத்தாள்.

அதன்பிறகு எங்கள் சமையலறை அவளுடைய சோதனைக்கூடமாகிவிட்டது. முதலில் ஒரு துணிப் பையைத் தைத்து அரிசியை நிரப்பினாள். எறும்பு வந்தது. ஜவ்வரிசி வேர்வையில் பசையாகிவிட்டது. கடுகு நழுவி ஒரே மூலையில் போய்ச் சேர்ந்தது, நடந்தால் சலசலவென்று சத்தமும் கேட்டது. கடைசியில் பச்சைப்பயறு. வலக்கையில் ஒன்றும் இடக்கையில் ஒன்றுமாக எதையோ தூக்கிப் பார்ப்பதுபோல் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள், பிறகு ஒரு பிடி பயறைக் குறைத்தாள், பிறகு அரைப்பிடி சேர்த்தாள். அந்தப் பையைக் கீழ்ப்பக்கம் கனமாகவும் மேல்பக்கம் சரிவாகவும் தைத்திருந்தாள். நடுவில் சின்னதாக ஒரு சுருக்கம்கூட வைத்திருந்தாள். எதைச் செய்தாலும் அரைகுறையாகச் செய்யத் தெரியாதவள். பிறகு அம்மாவின் ரவிக்கைகளை எல்லாம் பிரித்து, இடப்பக்கம் உள்ளே அந்தப் பையைச் செருக ஓர் உறை வைத்துத் தைத்தாள்.

இது என்ன என்று நான் கேட்டேன். "பொம்மைக்குத் தலகாணி" என்றாள். என் பொம்மைக்குத் தலையணை வரப்போகிறது என்று நான் பல நாள் காத்திருந்தேன். வரவில்லை. டப்பாவில் பயறு குறைந்ததுதான் மிச்சம். பயற்றங்கஞ்சி வேண்டும் என்று அடம்பிடித்தேன், அதுவும் கிடைக்கவில்லை.

சித்தி கொண்டுவந்த இன்னொரு புதிர் சிலந்தி. தினமும் சாயங்காலம் போன் செய்து, "இன்னிக்கிச் சிலந்தி எது வரைக்கும் ஏறிச்சு?" என்று கேட்பாள். அம்மா பெரும்பாலும் பதில் சொல்லமாட்டார். எனக்குச் சிலந்தி என்றால் பயம். விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வீடு முழுக்கத் தேடியிருக்கிறேன். பிறகுதான் பார்த்தேன். கூடத்துச் சுவருக்குப் பக்கத்தில் அம்மா நின்றுகொண்டு இடது கை விரல்களைச் சுவரில் வைத்து ஒவ்வொரு விரலாக மேலே நகர்த்துவார். இடுப்புக்குக் கொஞ்சம் மேலே போனதும் விரல்கள் நின்றுவிடும், அம்மா உதட்டைக் கடித்துக்கொள்வார். சித்தி வரும்போதெல்லாம் விரல் நின்ற இடத்தில் தையல் சாக்கட்டியால் ஒரு நீலக்கோடு போடுவாள். நானும் பக்கத்தில் நின்று என் கையை உயர்த்திக் காட்டுவேன். அம்மாவைவிட நான்தான் உயரம் என்று அந்த மாதம் முழுக்கப் பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன். மிஸ்ஸி சொல்லிக்கொடுத்த அந்தப் பயிற்சியைச் செய்யாவிட்டால் கை அப்படியே இறுகிப்போகும் என்பதும், செய்தால் உயிர் போகிற வலி என்பதும் எனக்குத் தெரியாது. அம்மா அதை ஒரு நாள் செய்தால் மூன்று நாள் செய்யமாட்டார். கோடு ஏறவே இல்லை.

ஆடி பிறந்தது. எங்கள் கோயிலில் ஆடித் திருவிழாவுக்கு முளைப்பாரி எடுப்பார்கள். பெண்கள் சட்டியில் மண்ணும் எருவும் போட்டுப் பயறு விதைத்து, வெயில் படாமல், பிறர் கண் படாமல், இருட்டறையில் வைத்துத் தண்ணீர் தெளித்து வளர்ப்பார்கள். திருவிழாவன்று அதைத் தலையில் வைத்து ஊர்வலமாகக் கொண்டுபோய் அம்மனுக்கு முன்னால் இறக்கிக் கும்மியடிப்பார்கள். யார் சட்டியில் முளை செழித்து நிற்கிறதோ அந்த வீடு செழிக்கும். வாடினால், சொல்ல வேண்டாம். அம்மா கல்யாணமாகி வந்த நாள்முதல் ஒரு வருடம் விடாமல் எடுத்தவர். அவருடைய முளை கோழிக் கொண்டைபோல் நிமிர்ந்து நிற்கும் என்று பேர் வாங்கியவர்.

இதற்கெல்லாம் தலைவி கோயில் பெரியம்மா. உறவு முறையில் பெரியம்மா இல்லை, தாமானுக்கே பெரியம்மா. கணவர் இறந்த பிறகு தனியாக இருந்தார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு பழைய கப்சாய் மோட்டார்சைக்கிளில் தாமானைச் சுற்றி வருவார். அந்த மோட்டாரும் அவர் தொண்டையும் ஒரே சத்தம். கோயில் தலைவரே அவரைக் கண்டால் துண்டைச் சரிசெய்துகொள்வார். அந்தப் பெரியம்மா வாசலில் மோட்டாரை நிறுத்தாமலே, "விதை போட எப்ப வர்றே?" என்று கேட்டார். அம்மா கதவைப் பாதி திறந்து, தலையில் துணியோடு, "இந்த வருசம் போடல பெரியம்மா. ஒடம்பு முடியல" என்றார். பெரியம்மா அம்மாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். அவர் ஒன்றும் சொல்லாமல் போனது எனக்கு அதிசயமாக இருந்தது.

அன்று சாயங்காலம் சித்தியோடு போனில் அம்மா பேசியது என் காதில் விழுந்தது. "மொளைக்கலன்னா என்னடி பண்ணுவேன்? எல்லார் முன்னாலயும் வாடிப்போச்சுன்னா? அதுக்குப் போடாமயே இருந்துடலாம்." சித்தி அந்தப் பக்கம் கத்தியதும் கேட்டது. என்ன கத்தினாள் என்று தெரியவில்லை. அம்மா போனை வைத்துவிட்டார். அதன்பிறகு சிலந்தியும் சுவர்ப் பக்கம் போகவில்லை.

அந்த வாரம் அம்மாவை ஆஸ்பத்திரிக்குச் சோதனைக்கு அழைத்துப்போன அப்பா, திரும்பும்போது பாதி வழியில் மழையில் மாட்டிக்கொண்டார். பஸ் நிலையத்திலிருந்து வீடுவரை மோட்டார்சைக்கிளில் வந்தவர்கள் தொப்பலாக நனைந்து வந்து சேர்ந்தார்கள். அம்மாவுக்கு ஜுரம் வந்துவிட்டது. கொடியில் துணி காயப்போடும் வேலை ஏற்கெனவே அப்பாவுடையதாக இருந்தது, ஏன் என்று நான் யோசித்ததில்லை. அப்பாவுக்குத் துணி துவைப்பதில் ஒரு கொள்கை உண்டு. ஈரத் துணியை எல்லாம் ஒரு வாளியில் போட்டு மூடிவிட்டால், கண்ணுக்குத் தெரியாத துணி அழுக்கில்லை. அன்றும் மூடினார், லோரியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஜுரம் விட்டு அம்மா அயர்ந்து தூங்கிய ஒரு மத்தியானம், பள்ளிக் காலுறையைத் தேடிக்கொண்டு அந்த வாளியைத் திறந்தேன். புழுங்கிய வாடை குப்பென்று வந்தது. மேலாக அம்மாவின் ரவிக்கை கிடந்தது. அதன் இடப்பக்கத்திலிருந்து வெள்ளை வெள்ளையாக ஏதோ எட்டிப் பார்த்தது. புழுவோ என்று முதலில் பயந்தேன். தொட்டுப் பார்த்தால், முளை! ரவிக்கைக்குள் இருந்த பையை இழுத்தேன். என் பொம்மையின் தலையணை! துணியின் இழைகளைப் பிளந்துகொண்டு, தையல் வழியாகவும் நடுச் சுருக்கத்தின் வழியாகவும் பயறு முளைத்து நின்றது.

எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. முளைப்பாரியை இருட்டில் வளர்க்க வேண்டும், ரவிக்கைக்குள் இருட்டுதான். யார் கண்ணும் படக்கூடாது, அங்கே யார் கண் படும்? அம்மா எல்லாரிடமும் போடவில்லை என்று சொல்லிவிட்டு, நெஞ்சுக்குப் பக்கத்திலேயே வைத்துத் திருட்டுத்தனமாக முளைப்பாரி வளர்த்திருக்கிறார். எப்பேர்ப்பட்ட அம்மா! மற்ற பெண்கள் சட்டியில் வளர்க்கிறார்கள். இதை யோசிக்க எவளுக்கு மூளை இருந்தது? எனக்குப் பெருமை பிடிபடவில்லை. இப்போது அவர் ஜுரத்தில் படுத்திருக்கிறார், விதை போடும் நாளோ இன்றுதான். பையைப் பள்ளிக்கூடத்துச் சோற்று டப்பாவில் வைத்து மூடிக்கொண்டு செம்பனைப் பாதையில் கோயிலுக்கு ஓடினேன்.

கோயில் பின்கட்டில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து எருவைச் சலித்துக்கொண்டிருந்தார்கள். நான் நடுவில் போய் நின்று டப்பாவைத் திறந்தேன்.

"எங்கம்மாவோட மொளப்பாரி! ஜாக்கெட்டுக்குள்ளயே வளத்திருக்காங்க. இங்க பாருங்க, மொளைச்சே போச்சு!"

சல்லடை நின்றது. ஒருத்தி பையை எடுத்துப் பார்த்தாள். அதன் உருண்டை, அதன் சரிவு, நடுவில் இருந்த சின்னச் சுருக்கம், எல்லாம் என் சித்தியின் கைநேர்த்தி. பார்த்த பெண்ணுக்கு வேறு எதுவாகவும் தோன்ற வழியே இல்லை. அவள் பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்தாள், அவள் அடுத்தவளிடம். பாராட்டுக்காகக் காத்து நின்ற எனக்கு ஏமாற்றமாக இருந்தது. பை கோயில் பெரியம்மாவின் கைக்குப் போனது. அவர் அதை உள்ளங்கையில் வைத்து, கனம் பார்ப்பதுபோல் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு முந்தானையில் பொதிந்துகொண்டு எழுந்தார்.

"என்னாங்கடி வேடிக்க? எரு தானா சலிச்சுக்குமா?" என்று ஒரு போடு போட்டுவிட்டு, "ஏறுடி மோட்டார்ல" என்றார் என்னிடம்.

வீட்டில் அம்மா கண் விழித்திருந்தார். பெரியம்மா முந்தானையைப் பிரித்ததும் அம்மாவின் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் வடிந்துவிட்டது. என்னைப் பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை, இரண்டு கைகளையும் நெஞ்சின்மேல் குறுக்காக வைத்து மூடிக்கொண்டார். "எல்லாரும் பாத்துட்டாங்களா?" என்று கேட்ட குரல் அம்மாவுடையது போலவே இல்லை. "பாத்துட்டாங்க" என்றார் பெரியம்மா. பிறகு என்னைத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி அடுப்படிக்கு விரட்டினார்.

நான் திரைச்சீலை ஓரமாகப் பார்த்தேன். பெரியம்மா தன் ரவிக்கைக்குள் கையை விட்டார். அவர் பர்ஸ் வைக்கும் இடம் அது, தாமானில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் வெளியே வந்தது பர்ஸ் இல்லை. இறுகச் சுருட்டி, ரப்பர் வளையம் போட்ட பழைய கைத்துண்டு. அதை அம்மாவின் மடியில், முளைவிட்ட பைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"எனக்கு வலது பக்கம். என் வீட்டுக்காரர் போறதுக்கு முன்னாடியே. அவரத் தவிர ஒருத்தருக்கும் தெரியாது. இத்தன வருசமா இந்தத் துண்டுதான்."

அம்மா அந்தத் துண்டையும் பெரியம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அழத் தொடங்கினார், பிறகு அழுகைக்கு நடுவிலேயே சிரித்தார். பெரியம்மாவும் சிரித்தார், அவர் மோட்டார் கிளம்புவதுபோல விட்டுவிட்டு. ஒரு துண்டுக்கும் ஒரு பைக்கும் இப்படிச் சிரிக்கிறார்களே என்று தண்ணீர்ச் செம்போடு நின்றுகொண்டிருந்தேன்.

"நீ போடமாட்டேன்னு சொன்ன. அவ கேட்டாளா? ஒன் நெஞ்சு மேலயே போட்டுட்டா" என்றார் பெரியம்மா. அவள் என்றது மாரியம்மனை. "இனி நீ எடுக்காம இருக்க முடியாது. இதத்தான் சட்டியில வெக்கணும்."

அம்மா இடது கையைக் காட்டினார். "தூக்க முடியல பெரியம்மா." பெரியம்மா அந்தக் கையைப் பிடித்துப் பார்த்தார். தன் வலக்கையை நேராக மேலே நீட்டிக் காட்டினார். "எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு. எவளும் கேக்கல, நானும் சொல்லல. கத்திக்கிட்டே ஏத்துனேன். நீயும் கத்து." பிறகு ஒரு கேள்வி கேட்டார். எங்கள் தாமான் அத்தனை மாதங்களில் கேட்காத கேள்வி.

"கஞ்சிய விடு. ஒனக்கு என்னா வேணும், சொல்லு."

அம்மா ஜன்னல் வழியாகக் கொடியைப் பார்த்தார். "கொடியில துணி காயப் போட ஆள் வேணும்" என்றார் கடைசியில். "அப்புறம் யாராச்சும் வந்து சும்மா பேசிக்கிட்டு இருக்கணும். கஞ்சி வேணாம்."

மறுநாளிலிருந்து கஞ்சி நின்றது, ஆட்கள் வந்தார்கள். அடுத்த வீட்டு அக்கா துணி காயப்போட வந்து, ஊர்வம்பு அவ்வளவையும் கொடியிலேயே தொங்கவிட்டுப் போனாள். அம்மாவும் பதிலுக்கு ஒன்றிரண்டு கொடுத்தார். எதிர்வீட்டுக்காரி அம்மாவுக்கு எது குமட்டும், எது குமட்டாது என்று கேட்டுக்கொண்டுபோய், ஆறிய புளிச்சோறு கொண்டுவந்தாள். அதை அம்மா ருசித்துச் சாப்பிட்டார். அப்பா ஒரு சுத்தியலோடு போய்க் கொடியை அம்மாவின் நெஞ்சு உயரத்துக்கு இறக்கிக் கட்டினார். இவ்வளவு நாள் இது தோன்றவில்லையே என்று அவர் தலையில் அவரே அடித்துக்கொண்டதைப் பார்த்தேன். சில நாள் கழித்து அம்மாவே, "இன்னும் கொஞ்சம் ஏத்திக் கட்டுங்க" என்றார். சாயங்காலமானால் பெரியம்மா வருவார். இருவரும் சுவரோரம் நிற்பார்கள். அம்மா சிலந்தியை ஏற்றுவார், வலி வந்ததும் இருவரும் சேர்ந்து கத்துவார்கள். தெரு நாய்கள் பதில் கொடுக்கும். யார் கீழே பார்ப்பார்கள் என்று அம்மா பயந்தாரோ அந்தப் பெண்கள் வாசலில் நின்று, "இன்னிக்கி எவ்ளோ தூரம்?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சித்தி வந்தாள். நடந்ததைக் கேட்டு முதலில் என்னை முறைத்தாள், பிறகு வாரி அணைத்துக்கொண்டாள். பிறகு பெரியம்மாவின் துண்டைப் பார்த்தாள். சித்திக்கு வந்த கோபத்தை நான் வேறு எப்போதும் பார்த்ததில்லை. "இத்தன வருசம் இதையா வெச்சிருந்தீங்க? தோளு எப்படிச் சாஞ்சிருக்கு பாருங்க!" ஊரையே ஆட்டிவைக்கும் பெரியம்மா கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு பள்ளிப் பிள்ளைபோல் நிற்க, சித்தி நாடாவை எடுத்து அளந்தாள். "அவளுக்குத் தச்ச மாதிரியே தச்சிடேன்" என்றார் பெரியம்மா மெதுவாக. "அவளுக்குத் தச்சது ஒங்களுக்கு ஆகாது" என்றாள் சித்தி, வாயில் ஊசியோடு. அன்றிலிருந்து அவள் பயற்றை வறுத்துத்தான் நிரப்பினாள். வறுத்த பயறு முளைக்காது அல்லவா. அவள் தைத்த பைகளைப் பார்த்த மிஸ்ஸி, "பண்டாய் லா இந்த காக்கா!" என்று, கெட்டிக்கார அக்கா என மலாயில் மெச்சி, வார்டில் இருந்த மற்ற பெண்களுக்கும் அளவெடுக்கச் சொன்னார். சித்தி இன்றும் தைக்கிறாள். இதுவரை ஒரே அளவில் இரண்டு தைத்ததில்லை என்பது அவளுடைய கர்வம்.

முளைவிட்ட பயறு கோயில் இருட்டறையில் இருந்தது. எல்லாருக்கும் அகலச் சட்டி, அம்மாவுக்கு மட்டும் உள்ளங்கை அகலத்தில் கனமில்லாத சின்னச் சட்டி. பெரியம்மா தேடிப்பிடித்து வாங்கி வந்தது. அறைக்குள் அவரைத் தவிர யாரும் போகக்கூடாது. "எப்படி இருக்கு?" என்று அம்மா தினமும் கேட்பார். "தெறக்கிற அன்னிக்கிப் பாரு" என்பார் பெரியம்மா. திருவிழா நெருங்க நெருங்க அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. நம் பயறு மூட்டைக்குள் நசுங்கி முளைத்தது, பிழைக்குமா என்று அப்பாவிடம் கேட்டுக்கொண்டிருந்தார். லோரி ஓட்டுபவருக்கு அது எப்படித் தெரியும்?

திருவிழாவன்று அறையைத் திறந்தார்கள். பெரியம்மாதான் முதலில் உள்ளே போனார். குலவைச் சத்தம் கேட்டது. அம்மாவின் சட்டியை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு வெளியே வந்தார். முளை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது, ஆனால் அடர்த்தியாக, வெளிறிய மஞ்சளில், நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. அம்மா தலைத்துணியை எடுத்துவிட்டு, புதிதாக அரும்பியிருந்த முடியோடு, எல்லாருக்கும் முன்னால் நின்றார். சித்தி தைத்த பச்சை ரவிக்கை. சும்மாட்டின்மேல் சட்டியை வைத்தார்கள். அம்மா வலக்கையால் பிடித்துக்கொண்டார்.

ஊர்வலம் தாமானைச் சுற்றிவிட்டுச் செம்பனைப் பாதையில் கோயிலுக்குத் திரும்பியது. மேளம் முன்னால், பெண்கள் பின்னால். நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். கோயில் வாசல் வந்ததும் அம்மா நின்றார். வலக்கையைச் சட்டியிலிருந்து எடுத்துக் கீழே விட்டார். இடக்கை மெதுவாக எழுந்தது. இடுப்பைத் தாண்டி, நெஞ்சைத் தாண்டி, தோளில் கொஞ்சம் நின்று, விரல்கள் கன்னத்தின்மேல் ஊர்ந்து, காதைத் தாண்டி ஏறி, சட்டியின் விளிம்பைப் பிடித்தன.

பெரியம்மா குலவையிட வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. அடுத்த வீட்டு அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எதற்கும் கலங்காத என் சித்தி, நடுப்பாதையில் அப்படியே குந்தி, முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். எல்லாரும் அம்மாவின் அக்குள் பக்கமே பார்த்தார்கள்.

எனக்குக் காரணம் பளிச்சென்று தெரிந்துவிட்டது. அம்மா கையை இவ்வளவு மேலே தூக்கியதில் புது ரவிக்கை கிழிந்துவிட்டது. பாவம் சித்தி, விடிய விடிய உட்கார்ந்து தைத்தது. நான் அம்மாவின் கைக்குக் கீழே போய் நின்று, அண்ணாந்து, ஓரம் முழுக்க உற்றுப் பார்த்தேன். பிறகு ஓடிவந்து சித்தியின் காதில் சொன்னேன்.

"அழாதீங்க சித்தி. நான் பாத்துட்டேன். ஒரு தையல்கூட விடல."

சித்தி என்னைக் கட்டிக்கொண்டு முன்னைவிடச் சத்தமாக அழுதாள். நல்ல செய்தி சொன்ன பிறகும் இவள் ஏன் அழுகிறாள் என்று எனக்கு விளங்கவே இல்லை.